காந்தமின் பிணைப்பை முதன்முறையாக அளக்கப் போகிறவர்களுக்கு

வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. மூன்றையும் மென்றால் வாய் சிவக்கிறது. அந்தச் சிவப்பு மூன்றில் எதிலும் இல்லை. மல்டிஃபெராயிக் கலவைப் பொருள்களில், அதாவது காந்தப் பண்பும் மின்பண்பும் சேர்ந்திருக்கும் கலவைகளில், நடப்பதும் இதைப் போன்றதுதான். காந்தப்புலத்தில் வைத்தால் நீளம் மாறும் பொருள் ஒன்று. இதற்குக் காந்தத்திரிபு என்று பெயர். இழுத்தாலோ அழுத்தினாலோ மின்னழுத்தம் தரும் பொருள் இன்னொன்று. இது அழுத்தமின் விளைவு. முதலாவதற்குக் காந்தப்புலம் கொடுத்தால் மின்னழுத்தம் வராது. இரண்டாவது காந்தப்புலத்தைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டையும் இறுக ஒட்டிவிட்டால், காந்தப்புலம் முதலாவதை நீட்டுகிறது, அது பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுக்கிறது, அங்கே மின்னழுத்தம் பிறக்கிறது. இதுதான் காந்தமின் பிணைப்பு. வெற்றிலைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: வாய் சிவப்பது வேதிவினையால். இங்கே வேதிவினை நடக்கவே கூடாது. கைமாறுவது விசை மட்டுமே.

இந்தக் கட்டுரை முதுகலை இயற்பியலில் புராஜெக்ட் எடுத்தவர்களுக்கும் ஆய்வில் முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கும். ஒரு மாதிரியைச் செய்து, அளந்து, வந்த எண்ணை நம்பலாமா என்று முடிவு செய்வது வரை போகலாம். நம்புவது பற்றிய பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஏனென்றால் இந்தத் துறையில் சிக்னல் வரவைப்பது எளிது. வந்த சிக்னல் மாதிரியிலிருந்துதான் வந்தது என்று காட்டுவதுதான் வேலை.

ஏன் கலவைப் பொருள்?

ஒரே படிகத்தில் காந்தமும் மின்சாரமும் பிணையலாம் என்று பியர் கியூரி 1894-லேயே சொன்னார். 1959-இல் சயலோஷின்ஸ்கி குரோமியம் ஆக்சைடில் அது இருக்க வேண்டும் என்று கணித்தார். அடுத்த ஆண்டே அஸ்ட்ரோவ் அளந்து காட்டினார். ஆனால் ஒற்றைப் பொருள்களில் விளைவு மிகவும் மெலிது. பலவற்றில் அறை வெப்பநிலைக்கு வெகு கீழே போனால்தான் தெரியும். 1972-இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தின் வான் சுக்டெலன் வேறு வழி சொன்னார்: இரண்டு பொருள்களின் பண்புகளைச் சங்கிலியாகக் கோத்தால் மூன்றாவது பண்பு கிடைக்கும். அதே ஆய்வகத்தில் பேரியம் டைட்டனேட்டையும் கோபால்ட் ஃபெர்ரைட்டையும் ஒன்றாக உருக்கி, ஒரே திசையில் உறையவைத்து, 1970களிலேயே ஒரு செ.மீ.க்கு, ஒரு ஓர்ஸ்டெட்டுக்கு (காந்தப்புலத்தின் அலகு) 130 மில்லிவோல்ட் வரை எட்டினார்கள். செய்முறை கடினம் என்பதால் அது அப்படியே நின்றது. 2001-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு டெர்ஃபினால்-டி (டெர்பியம், டிஸ்ப்ரோசியம், இரும்பு கலந்த காந்தத்திரிபு உலோகம்) வில்லைகளுக்கு நடுவே பிஇசட்டி (ஈய சிர்கோனேட் டைட்டனேட் என்ற அழுத்தமின் பீங்கான்) வில்லையை வைத்துப் பசையால் ஒட்டியது. கிடைத்தது அதே கணக்கில் 4.68 வோல்ட். அதிலிருந்துதான் அடுக்கு மாதிரிகள் பரவின.

ஆகவே என் பரிந்துரை: முதல் மாதிரி அடுக்காகவே இருக்கட்டும். உங்கள் தலைப்பு பொடி கலந்து சுடும் வில்லையாக இருந்தாலும், முதலில் ஓர் அடுக்கு செய்து அளவீட்டுக் கருவியைச் சோதித்துக்கொள்ளுங்கள். சிக்னல் பெரிதாக வரும் மாதிரி கையில் இருந்தால்தான் கருவி சரியா தவறா என்று தெரியும்.

படி 1: பொருள்களைத் தேர்வது

அழுத்தமின் பக்கத்துக்கு ஏற்கனவே போலிங் செய்து (உயர் மின்புலத்தால் உள்ளே இருக்கும் மின்முனைவுகளை ஒரே திசையில் திருப்பி), இரு முகங்களிலும் வெள்ளிப் பூச்சோடு வரும் பிஇசட்டி தகடு வாங்குங்கள். 20 × 10 மி.மீ., கனம் 0.5 மி.மீ. போதும். 5ஏ, 5எச் என்று இரு வகைகள் பரவலாகக் கிடைக்கும். 5எச் அதிக மின்னூட்டம் தரும். ஆனால் அதன் கியூரி வெப்பநிலை, அதாவது போலிங் முழுதும் அழிந்துவிடும் வெப்பநிலை, சுமார் 190 டிகிரி செல்சியஸ்தான். 5ஏ-க்கு அது சுமார் 365. சாலிடரிங் பழகாத கைக்கு 5ஏ பாதுகாப்பு.

காந்தப் பக்கத்துக்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. டெர்ஃபினால்-டி பத்து லட்சத்தில் 1,500 பங்குக்கு மேல் நீளும்; ஆனால் விலை அதிகம், எளிதில் நொறுங்கும், நூற்றுக்கணக்கான ஓர்ஸ்டெட் நிலைப்புலம் வேண்டும். நிக்கல் தகடு மலிவு. பத்து லட்சத்தில் 35 பங்கு அளவுக்குச் சுருங்கும். மூன்றாவது மெட்கிளாஸ், அதாவது இரும்பு, போரான், சிலிக்கான் கலந்த உருவமற்ற உலோக நாடா. கனம் சுமார் 25 மைக்ரான். இது நீளுவது பத்து லட்சத்தில் 27 பங்குதான். டெர்ஃபினாலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் இங்கே முக்கியம் மொத்தம் எவ்வளவு நீளும் என்பதல்ல. புலம் ஒரு ஓர்ஸ்டெட் மாறினால் எவ்வளவு நீளும் என்பதுதான். மெட்கிளாஸ் சில ஓர்ஸ்டெட்டிலேயே தன் நீட்சியை முடித்துவிடுகிறது. அதனால் சரிவு மிகச் செங்குத்து. பெரிய மின்காந்தம் தேவையில்லை, கையால் சுற்றிய கம்பிச்சுருளே போதும். புதியவர்களுக்கு நான் மெட்கிளாஸையே சொல்வேன். ஆய்வகத்தில் கிடைக்காவிட்டால் ஒரு தகவல்: துணிக்கடைகளில் திருட்டைத் தடுக்க ஒட்டும் 58 கிலோஹெர்ட்ஸ் வில்லைகளுக்குள் இருப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நாடாதான். பழகிப் பார்க்க அது போதும்.

படி 2: வெட்டுவதும் ஒட்டுவதும்

நாடாவை 20 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலம் என்று நல்ல கத்தரிக்கோலால் வெட்டுங்கள். நாடாவின் நீளவாக்கிலேயே வெட்ட வேண்டும். தகட்டின் அகலம் 10, நாடாவின் அகலம் 8. ஓரத்தில் 2 மி.மீ. வெள்ளிப் பூச்சு வெளியே தெரியும். கம்பி அங்கே வரும். இரு முகங்களுக்கும் ஒன்றென இரண்டு துண்டுகள் வேண்டும். ஒரே பக்கம் ஒட்டினால் தகடு நீளுவதோடு வளையவும் செய்யும், நீட்சியின் ஒரு பகுதி அதில் வீணாகும். இரு பக்கமும் ஒட்டினால் கணக்கும் எளிது.

எல்லாவற்றையும் அசிட்டோனால் துடைத்து உலரவிடுங்கள். பிறகு விரல் படக் கூடாது. இரண்டு டியூபாக வரும் எபாக்ஸிப் பசையை எடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், மெதுவாக இறுகும் வகையே நல்லது. பசை மெலிதாகப் பரவவும் காற்றுக்குமிழி வெளியேறவும் நேரம் வேண்டும். ஒரு சொட்டு போதும். மேலும் கீழும் பேக்கிங் தாள் வைத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு இடையே அழுத்தி, ஒரு கிலோ எடை ஏற்றி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்தப் பசைப் படலம்தான் விசை கடந்து போகும் பாலம். அது கனமாகவோ கொழகொழப்பாகவோ இருந்தால் நாடா நீளும், பசை நெளியும், தகட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஒரே பொருள்களை வைத்து இருவர் செய்த மாதிரிகள் இரண்டு மடங்கு வேறுபட்டால், முதலில் பசையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அவசரத்தில் அடுப்பில் வைத்து இறுகச் செய்கிறவர்கள், தகட்டின் கியூரி வெப்பநிலையில் பாதியைத் தாண்டாதீர்கள். போலிங் கலைய ஆரம்பித்துவிடும்.

படி 3: கம்பி

மெல்லிய செம்புக்கம்பி இரண்டை வெள்ளி பெயின்ட்டாலோ, ஒரே நொடி தொட்டெடுக்கும் சாலிடராலோ வெளியே தெரியும் ஓரங்களில் இணையுங்கள். இரண்டு கம்பிகளையும் மாதிரியின் அருகிலிருந்தே ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வாருங்கள். பின்னலில் இடைவெளி தெரியக் கூடாது. இது அழகுக்காக அல்ல, காரணம் படி 6-இல் வரும்.

இப்போது மின்தேக்குத்திறனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அளவில் 5ஏ தகடென்றால் சுமார் 6 நானோஃபாரட் வரும். மிகக் குறைவாக இருந்தால் தகட்டில் விரிசல் இருக்கலாம், அல்லது கம்பி சரியாகப் பிடிக்கவில்லை.

படி 4: புலம்

இரண்டு புலங்கள் வேண்டும். மெதுவாக மாற்றக்கூடிய நிலையான புலம் ஒன்று. இதை எல்லோரும் பயாஸ் என்பார்கள். அதன்மேல் ஏறி ஆடும் சிறிய மாறுதிசைப் புலம் மற்றொன்று. இரண்டும் தகட்டின் நீளத் திசையிலேயே இருக்கட்டும். கனத்தின் திசையில் புலம் கொடுத்தால், மெல்லிய நாடா தன் சொந்தக் காந்தமாக்கத்தாலேயே அதை ஏறக்குறைய முழுதும் எதிர்த்துவிடும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்கள் நீங்களே சுற்றலாம். சுருளின் ஆரமும் இரண்டுக்கும் இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 100 சுற்று, ஆரம் 5 செ.மீ., மின்னோட்டம் 0.1 ஆம்பியர் என்றால் நடுவில் 1.8 ஓர்ஸ்டெட் கிடைக்கும். மாறுதிசைப் புலத்துக்கு இது தாராளம். பயாஸுக்கு 200 சுற்றுகள் கொண்ட இன்னொரு சோடியைச் சற்றுப் பெரிய ஆரத்தில் சுற்றினால், 1 ஆம்பியரில் முப்பது ஓர்ஸ்டெட்டை ஒட்டி வரும். நாடாவுக்கு அது போதும்.

ஒரு கண்ணி இங்கே இருக்கிறது. உள்ளே ஆடும் புலம் வெளிச் சோடியிலும் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்த மின்னோட்டம் உங்கள் மாறுதிசைப் புலத்தைக் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் புலத்தைச் சூத்திரத்தில் கணக்கிட்டதோடு விடாமல், பயாஸ் மின்வழங்கியை ஓடவிட்டபடியே, மாதிரி வைக்கும் இடத்தில் ஒரு சிறு தேடுசுருள் வைத்து அளந்துவிடுங்கள். நிலைப்புலத்துக்கு ஹால் ஆய்முனை கொண்ட காஸ்மீட்டர்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. புவிக்காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கே அதுதான் காரணம். அதனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புவியின் காந்தப்புலம் ஏறக்குறைய கிடையாக, வடக்கு நோக்கி, சுமார் 0.4 ஓர்ஸ்டெட் அளவில் இருக்கிறது. மெட்கிளாஸுக்கு இது புறக்கணிக்கக்கூடிய அளவல்ல. சுருளின் அச்சைக் கிழக்கு மேற்காக வையுங்கள். வடக்கு தெற்காக வைத்தால் உங்கள் வரைபடம் முழுவதும் ஒரு பக்கம் தள்ளி நிற்கும்.

படி 5: அளவீடு

மாதிரியை ஒரு துண்டு ஸ்பாஞ்சின் மேல் சும்மா கிடத்துங்கள். இறுக்கிப் பிடித்தால் அது நீள முடியாது. பக்கத்தில் இரும்புத் திருகு, எஃகு கிளிப் எதுவும் வேண்டாம்.

லாக்-இன் ஆம்ப்ளிஃபையரின் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் சிக்னலை மட்டும் பிரித்து அளக்கும் கருவி) ரெஃபரன்ஸை சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து நேரே எடுக்காதீர்கள். சுருளோடு தொடராக ஒரு ஓம் மின்தடை வைத்து, அதன் குறுக்கே வரும் மின்னழுத்தத்தை எடுங்கள். புலத்தின் கட்டம் சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் கட்டம்தான், ஜெனரேட்டரின் கட்டமல்ல. அதிர்வெண்ணாக எல்லோரும் 1 கிலோஹெர்ட்ஸ் என்பார்கள். ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1,000 அதன் இருபதாவது மடங்கு. 1,013 என்று வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள். பிஇசட்டி வெப்ப மாற்றத்துக்கும் மின்னூட்டம் தரும், காற்று பட்டாலே அளவு மெதுவாக நகரும்.

மாறுதிசைப் புலத்தை 1 ஓர்ஸ்டெட்டில் நிறுத்துங்கள். பயாஸை ஒரு கோடியிலிருந்து சுழியம் வழியாக மறு கோடி வரை கொண்டுபோய், திரும்பவும் கொண்டுவாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் அளவு, கட்டம் இரண்டையும் எழுதுங்கள். கட்டத்தை எழுதாமல் அளவை மட்டும் எழுதிவைத்த தரவுக்குப் பின்னால் உயிர் கொடுக்க முடியாது.

படி 6: வந்தது மாதிரியின் சிக்னல்தானா?

என் முதல் மாதிரியில் அழகான சிக்னல் வந்தது. மூன்று வாரம் அதைக் கொண்டாடியிருக்கிறேன். புலத்தைக் கூட்டினால் நேர்கோடாகக் கூடியது, அதிர்வெண்ணைக் கூட்டினாலும் கூடியது. பிறகு ஒரு நாள் மாதிரியைக் கழற்றிவிட்டுக் கம்பியின் இரு முனைகளையும் சேர்த்துப் பார்த்தேன். சிக்னல் அப்படியே இருந்தது.

கம்பிகள் இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். மாறும் காந்தப்புலத்தில் வளையம் இருந்தால் ஃபாரடே தூண்டல் நிச்சயம். கணக்கைப் பாருங்கள்: வளையத்தின் பரப்பு ஒரு சதுர செ.மீ., புலம் 1 ஓர்ஸ்டெட், அதிர்வெண் 1 கிலோஹெர்ட்ஸ். வருவது சுமார் 63 மைக்ரோவோல்ட். 1 மி.மீ. கனமான சுட்ட வில்லை ஒன்றின் உண்மையான குணகம் (ஒரு செ.மீ.க்கு, ஒரு ஓர்ஸ்டெட்டுக்கு வரும் மின்னழுத்தம்) 1 மில்லிவோல்ட் என்றால், அது தரும் சிக்னலே 100 மைக்ரோவோல்ட்தான். பொய்யும் மெய்யும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன. முறுக்கிய கம்பிக்கு இதுதான் காரணம்.

இரண்டையும் பிரிக்கும் சோதனைகளில் முதன்மையானது பயாஸைத் திருப்புவது. காந்தத்திரிபு புலத்தின் திசையைப் பார்ப்பதில்லை. வடக்கே இழுத்தாலும் தெற்கே இழுத்தாலும் நாடா நீளத்தான் செய்யும். ஆகவே நீட்சிக்கும் புலத்துக்குமான வளைவரை கிண்ண வடிவம். நாம் அளப்பது அதன் சரிவை. கிண்ணத்தின் வலப்பக்கம் சரிவு ஏறுமுகம், இடப்பக்கம் இறங்குமுகம், அடியில் சுழியம். அதனால் உண்மையான சிக்னல் பயாஸ் இல்லாதபோது சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். பயாஸ் கூடும்போது உயர்ந்து ஓர் உச்சியைத் தொட்டு, காந்தத்திரிபு தெவிட்டும்போது இறங்க வேண்டும். பயாஸைத் திருப்பினால் கட்டம் 180 டிகிரி புரள வேண்டும். தூண்டல் சிக்னலோ பயாஸைப் பற்றிக் கவலைப்படாது. அது அதே அளவில், அதே கட்டத்தில், அதிர்வெண்ணுக்கு நேர்விகிதமாக நிற்கும். கட்டமும் புலத்திலிருந்து 90 டிகிரி தள்ளி இருக்கும். முன்னும் பின்னும் போகும் பாதைகள் சுழியத்தின் அருகே சற்றுப் பிரிந்து தெரிந்தால் பதற வேண்டாம். அது நாடாவின் காந்தத் தயக்கம்.

இரண்டாவது சோதனை: மாதிரியின் இடத்தில் அதே அளவு மின்தேக்கி ஒன்றை அதே கம்பிகளில் இணைத்து வைத்து, முழு ஓட்டத்தையும் மறுபடி எடுங்கள். அங்கே வருவது அத்தனையும் பொய்ச் சிக்னல். அதைக் கட்டத்தோடு சேர்த்துக் கழிக்க வேண்டும். அளவை மட்டும் கழிப்பது தவறு. மூன்றாவது: மாதிரியைக் கம்பியோடு குப்புறத் திருப்பாமல், இரு முகங்களின் இணைப்பை மட்டும் இடம் மாற்றுங்கள். உண்மைச் சிக்னல் குறி மாறும்.

மூன்றும் தேறாத தரவை வழிகாட்டியிடம் காட்டும்முன் கம்பியை மறுபடி முறுக்குங்கள்.

படி 7: எண்ணாக்குவது

மின்னழுத்தத்தைத் தகட்டின் கனத்தாலும் மாறுதிசைப் புலத்தாலும் வகுக்க வேண்டும். 20 மில்லிவோல்ட் வந்தது, கனம் 0.05 செ.மீ., புலம் 1 ஓர்ஸ்டெட் என்றால் குணகம் 400 மில்லிவோல்ட் / செ.மீ. ஓர்ஸ்டெட். நன்றாக ஒட்டிய மெட்கிளாஸ் அடுக்கில் இந்த வரிசையில் எதிர்பார்க்கலாம். சர்வதேச அலகில் வேண்டுமானால், 1 வோல்ட் / செ.மீ. ஓர்ஸ்டெட் என்பது சுமார் 1.26 வோல்ட் / ஆம்பியர்.

வழுக்கும் இடங்கள் மூன்று. லாக்-இன் காட்டுவது ஆர்எம்எஸ் மதிப்பு. புலத்தை உச்ச மதிப்பில் எழுதியிருந்தால் விடை 1.41 மடங்கு பிழையாகும். அடுத்து, கனம் என்றால் எந்தக் கனம்? பிஇசட்டி மட்டுமா, மொத்த அடுக்குமா? பிஇசட்டியால் மட்டும் வகுத்தால் எண் பெரிதாகத் தெரியும். இரண்டையும் செய்கிறார்கள், எதைச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். மூன்றாவது, கருவியின் உள்ளீட்டு மின்தடை. 6 நானோஃபாரட் மாதிரியை 10 மெகா ஓம் உள்ளீட்டில் கொடுத்தால் 3 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தொல்லை. அதையே 1 மெகா ஓம் அலைக்காட்டியில் கொடுத்தால் 26 ஹெர்ட்ஸிலேயே சிக்னல் சரியத் தொடங்கும். குறைந்த அதிர்வெண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு சார்ஜ் ஆம்ப்ளிஃபையர் வேண்டும்.

பொடி கலந்து சுடுகிறவர்களுக்கு

பேரியம் டைட்டனேட், கோபால்ட் ஃபெர்ரைட் கலவைதான் பெரும்பாலும் புராஜெக்டாகக் கொடுக்கப்படுகிறது. அங்கே தலைவலி ஃபெர்ரைட்டின் கடத்துத்திறன். அதன் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பாதை போட்டுவிட்டால் மின்னூட்டம் கசிந்துவிடும், போலிங்குக்கான உயர் மின்னழுத்தமும் நிற்காது. ஃபெர்ரைட் குறைந்தால் விசை குறையும்; கூடினால் கசியும். 20 முதல் 30 சதவீதத்தில் தொடங்கிப் பாருங்கள். சுட்டபின் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் இரண்டு பொருள்களின் கோடுகள் மட்டும்தான் இருக்க வேண்டும். மூன்றாவது ஒன்று தெரிந்தால் வினை நடந்திருக்கிறது.

போலிங்கை சிலிக்கோன் எண்ணெயில், சூடான நிலையில் புலம் கொடுத்து, புலத்தை எடுக்காமலே குளிரவிட்டுச் செய்ய வேண்டும். மில்லிமீட்டருக்கு கிலோவோல்ட் கணக்கில் கொடுக்கிறீர்கள், தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். இந்த வில்லைகளின் மின்தேக்குத்திறன் இருநூறு பிகோஃபாரட் அளவில்தான் இருக்கும். ஒரு மீட்டர் கோஆக்சியல் கம்பி மட்டுமே சுமார் 100 பிகோஃபாரட். சிக்னலில் மூன்றில் ஒரு பங்கு கம்பியிலேயே போய்விடும். கம்பியைக் குறுக்குங்கள், அல்லது கணக்கில் திருத்துங்கள்.

பிஇசட்டியில் ஈயம் இருக்கிறது. உலர்நிலையில் தேய்க்கவே கூடாது. தண்ணீர் விட்டு, முகக்கவசம் போட்டுத் தேய்த்து, வண்டலைத் தனியாகச் சேர்த்துவையுங்கள். டெர்ஃபினால் பொடி தானாகத் தீப்பிடிக்கக்கூடியது.

ஒத்ததிர்வு

பயாஸை உச்சி வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அதிர்வெண்ணை மெதுவாக மேலே கொண்டுபோங்கள். 20 மி.மீ. தகட்டின் நீளவாட்டு ஒத்ததிர்வு 70 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வரும். நாடாவும் பசையும் அதைச் சற்று நகர்த்தும். அங்கே சிக்னல் பல மடங்கு எகிறும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் குழு மெட்கிளாஸையும் பிஇசட்டி இழைகளையும் சேர்த்துச் செய்த மாதிரி, குறைந்த அதிர்வெண்ணில் 22 வோல்ட் / செ.மீ. ஓர்ஸ்டெட் தந்தது. ஒத்ததிர்வில் 500 வரை போனது. சுருளின் தூண்டுமம் காரணமாக அந்த உயரத்தில் மின்னோட்டம் விழுந்துவிடும். ஒரு ஓம் மின்தடையின் குறுக்கே ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தைப் பார்த்து, புலத்தை 1 ஓர்ஸ்டெட்டுக்குத் திருத்திக்கொண்டே போங்கள். உச்சி தெரிந்ததும் பயாஸ் இணைப்பை ஒருமுறை திருப்புங்கள். கட்டம் 180 புரள்கிறதா என்று அங்கேயும் பாருங்கள்.